ஞாயிற்றுக்கிழமை ஆள் வராத ஆலயத்தை என்ன செய்யலாம்?

லண்டனில் 'சிட்டி' என்று சொல்வது மொத்த நகரத்தையும் அல்ல. பழைய மதிலை ஒட்டிய ஒரு சதுர மைல், அவ்வளவுதான். 1801 கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 1,28,000 பேர் குடியிருந்தார்கள். 2021-இல் எண்ணியபோது சுமார் 8,600 பேர். ஆனால் அங்கே வேலைக்கு வந்து போகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். 1666 பெருந்தீயில் 87 கிறிஸ்தவ ஆலயங்கள் எரிந்தன. அதன்பின் கட்டடக்கலைஞர் கிறிஸ்டபர் ரென்னின் பொறுப்பில் 51 ஆலயங்கள் திரும்ப எழும்பின. அந்தக் காலத்தில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு கோயில் தேவைப்பட்டது. அப்புறம் ரயில் வந்தது. குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோயின. வீடுகள் இருந்த இடத்தில் வங்கியும் காப்பீட்டு அலுவலகமும் வந்தன. கோயில்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

சேகரம் என்பது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த வட்டாரமும் அதன் மக்களும்; அதை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. கூரை ஒழுகுகிறது, காணிக்கை போதவில்லை, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையின் சம்பளமே இழுபறி, ஞாயிறு ஆராதனைக்கு முன்வரிசையில் நாலைந்து வயதானவர்கள். அடுத்து யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்கலாம், பெயர்த்துக் கொண்டுபோகலாம், தோட்டமாக்கலாம், இசைக்கோ கடைக்கோ கொடுக்கலாம், ஆராதனையை விடாமல் வேறொரு பணியைச் சேர்த்துக்கொள்ளலாம். லண்டன் இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டது. பலன்கள் கண்முன் நிற்கின்றன. வேலை நிமித்தம் அங்கே இருந்த நாட்களில், மதிய இடைவேளைகளில் நான் நடந்து நடந்து பார்த்தவை இவை. என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலிபீடத்தை எடுக்காமல் பணியை மட்டும் மாற்றிக்கொண்ட ஆலயங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கின்றன.

விற்பதில் தொடங்கலாம். 1860-இல் சேகரங்களை இணைப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. சிட்டியில் ஆள் இல்லாத கோயிலை இடித்து, மனையை விற்று, அந்தப் பணத்தில் மக்கள் குடியேறிய புறநகரில் புதுக்கோயில் கட்டலாம் என்றது அது. கேட்டவுடன் கோபம் வரும். ஆனால் அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. லொம்பார்ட் தெருவில் இருந்த ஆல் ஹாலோஸ் ஆலயத்தை 1930-களின் கடைசியில் இடித்தார்கள். அதன் கோபுரம், மணிகள், பிரசங்க பீடம் எல்லாம் டுவிக்கனம் என்ற புறநகருக்குப் போய், அங்கே 1940-இல் ஒரு புது ஆலயம் பிரதிஷ்டை ஆனது. ஆட்கள் போன இடத்துக்குக் கோயிலும் போனது, சரி. ஆனால் அந்தச் சட்டத்தால் ரென்னின் ஆலயங்களில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டவை மண்ணோடு போயின. 1920-இல் ஒரு ஆணையம் இன்னும் 19 கோயில்களை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தபோது எழுந்த எதிர்ப்பில்தான் அந்த வேகம் அடங்கியது. மனையின் விலை ஒரே ஒரு தடவைதான் கைக்கு வரும். செலவழிந்தபிறகு கமிட்டியின் கையில் பணமும் இல்லை, இடமும் இல்லை.

விற்பனையிலிருந்து தப்பிய ஒன்றைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். வங்கிகள் கூடும் முச்சந்தியில் செயின்ட் மேரி உல்நாத் நிற்கிறது. ரென்னிடம் பயின்ற நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர் 1716-இல் தொடங்கி 1727-இல் முடித்தது. தெருவிலிருந்து பார்த்தால் கோட்டைச்சுவர் மாதிரி கனமான முகப்பு. லொம்பார்ட் தெருப் பக்கச் சுவரில் ஜன்னல் திறப்புக்குப் பதிலாக மூடிய மாடங்கள். தெருச்சத்தம் உள்ளே வரக்கூடாது. வெளிச்சம் மேலே உயரத்தில் இருக்கும் அரைவட்ட ஜன்னல்கள் வழியாக இறங்கும். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1780 முதல் சாகும்வரை, 27 ஆண்டுகள், இங்கேதான் போதகர். 1890-களின் முடிவில் சுரங்க ரயில் நிலையம் கட்ட இந்தக் கோயிலையே இடிக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் சும்மா விடவில்லை. கடைசியில் கல்லறை அறையில் இருந்த உடல்களை இல்ஃபோர்டுக்கு மாற்றி, கோயிலை இரும்பு உத்திரங்களில் தாங்கி நிறுத்தி, அதன் அடியில் நிலையத்தை அமைத்தார்கள். இடிப்பதைவிட அது கஷ்டமான வேலை. ஆனால் இன்றைக்கு ரயிலும் ஓடுகிறது, மேலே ஜெபமும் நடக்கிறது. 'வேறு வழியே இல்லை' என்று ஒரு பொறியாளர் சொல்லும்போது கமிட்டிகள் நினைத்துக்கொள்ள வேண்டிய கட்டடம் இது.

பெயர்த்துக் கொண்டுபோவது அபூர்வம் என்றாலும் ஒரு தடவை பெரிதாகவே நடந்தது. ரென் கட்டிய செயின்ட் மேரி ஆல்டர்மன்பரி 1940 டிசம்பர் 29 இரவுக் குண்டுவீச்சில் எரிந்து, சுவர்கள் மட்டும் நின்றன. 1960-களில் அதன் சுமார் 7,000 கற்களுக்கும் எண் போட்டு, கப்பலேற்றி, அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் ஃபுல்டன் ஊருக்குக் கொண்டுபோய், வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரி வளாகத்தில் திரும்ப அடுக்கினார்கள். 1946-இல் சர்ச்சில் 'இரும்புத்திரை' உரையை நிகழ்த்திய கல்லூரி அது. அதன் நினைவாகத்தான் கோயிலைக் கேட்டு வாங்கினார்கள். 1969-இல் பிரதிஷ்டை. கட்டடத்துக்கு உயிர் கிடைத்தது, உண்மைதான். லண்டனில் அது இருந்த இடத்தில் இப்போது அஸ்திவாரக் கோடுகளும் தூண்களின் அடிக்கற்களும், நடுவில் செடிகளும். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்த இருவரின் நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. அவர்கள் அந்தச் சேகரத்துக்காரர்கள். அவர்கள் ஆராதித்த கோயிலோ கடல் கடந்துவிட்டது. ஊரார் எல்லாரும் கைவிட்டபிறகு கடைசியாகச் செய்யக்கூடிய காரியம் இது.

தோட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் பலருக்கு மனம் சறுக்கும், எனக்கும் சறுக்கியது. லண்டன் கோபுரத்துக்கும் லண்டன் பாலத்துக்கும் நடுவே, ஒரு சரிவான தெருவில் செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட். ஊசி மாதிரி உயர்ந்து, நான்கு வளைவுகளின் தோளில் நிற்கும் அதன் கோபுர உச்சி ரென்னுடையது. கோயிலின் உடலை 1817 முதல் 1821 வரை டேவிட் லேங் கோதிக் பாணியில் திரும்பக் கட்டினார். 1941 குண்டில் உடல் சிதைந்தது, கோபுரம் நின்றது. 1967-இல் மாநகராட்சி இதைத் திரும்பக் கட்டப் போவதில்லை, பொதுத்தோட்டமாக்கலாம் என்று முடிவெடுத்தது. 1970-களின் தொடக்கத்திலிருந்து தோட்டம்தான்.

கூர்வளைவு ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. கல் சட்டங்களுக்கு நடுவே கொடி நுழைந்து அந்தப் பக்கம் தொங்குகிறது. நடுக்கூடம் இருந்த இடத்தில் ஒரு தாழ்வான நீரூற்று, சுற்றிலும் பெஞ்சுகள். பன்னிரண்டரை மணிக்குமேல் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆட்கள் வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார்கள். யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். கூரை இல்லாவிட்டாலும் அது கோயில் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஆண்டில் ஒருசில தடவை திறந்தவெளி ஆராதனையும் உண்டு.

இவ்வளவு பிடித்தும், இதை வேறொரு கோயிலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தக் கோயிலைக் குண்டுதான் இடித்தது. மனிதர்கள் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். கூரையோடு நிற்கும் கோயிலைத் தோட்டமாக்குவது என்றால் நாமே இடிப்பது என்று அர்த்தம். செலவும் குறையாது. கூரை போன சுவரின் தலையில் மழைத்தண்ணீர் நேராக இறங்கும், சாந்து கரையும், அழகாகத் தொங்கும் அதே கொடியின் வேர் கல்லிடுக்கைப் பிளக்கும். ஆண்டு முழுக்கக் கவனிக்க ஒரு மாநகராட்சி இருப்பதால்தான் செயின்ட் டன்ஸ்டன் அப்படி இருக்கிறது. ஒரு சேகரத்தால் அது முடியாது.

கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் செயின்ட் லூக் ஆலயம் காட்டும். சிட்டி எல்லைக்குச் சற்று வெளியே, ஓல்டு ஸ்ட்ரீட்டில், 1733-இல் ஜான் ஜேம்ஸும் ஹாக்ஸ்மூரும் கட்டியது. கோபுர உச்சியில் ஒரு எகிப்திய ஸ்தம்பத்தையே தூக்கி வைத்திருப்பார்கள். அதை வைத்து தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். மண் இறங்கிச் சுவர்கள் விரிசல் விட, 1959-இல் மூடினார்கள். பிறகு ஆபத்து என்று கூரையைக் கழற்றிவிட்டார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உள்ளே மரங்கள் வளர்ந்தன. லண்டன் சிம்பொனி இசைக்குழு அதை எடுத்துக்கொண்டு, கல்லறை அறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை முறைப்படி அகற்றி, இரும்புத் தூண்கள் நிறுத்திப் புதுக்கூரை போட்டு, 2003-இல் இசைக்கூடமாகத் திறந்தது. ஒத்திகை, கச்சேரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு என்று வாரம் முழுக்க ஆள் நடமாட்டம்.

இந்த வழியில் கட்டடக்கலைக்கு நியாயம் கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கோயில் என்பது அடிப்படையில் பிரசங்கம் கேட்பதற்கான ஒரு பெரிய அறை. உயரமான செவ்வகக் கூடம், சுற்றிலும் மாடி இருக்கைகள், எந்த மூலைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு. இசைக்கும் அதே அறைதான் வேண்டும். ஆராதனை நின்றுபோனது இழப்புதான். ஆனால் ஒன்றரைத் தலைமுறை பாழாய்க் கிடந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது அந்த இழப்பை இசைக்குழுவின் தலையில் கட்ட முடியாது.

கடைக்குக் கொடுப்பது? இதற்கு உலகமே காட்டும் உதாரணம் லண்டனில் இல்லை, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இருக்கிறது. 1294-இல் பிரதிஷ்டையான டொமினிக்கன் ஆலயம், 1794-இல் பிரெஞ்சுப் படைகள் வந்ததிலிருந்து ஆராதனை இழந்து, சைக்கிள் நிறுத்தும் இடமாகக்கூட இருந்து, 2006-இல் புத்தகக்கடை ஆனது. சுவரைத் தொடாமல், நீண்ட கூடத்தின் ஒரு பக்கத்தில் பல அடுக்கு இரும்பு அலமாரியைத் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். நாளைக்கே கழற்றி எடுத்துவிடலாம். புகைப்படத்தில் பார்த்தாலே அழகு. ஆனால் அதை நடத்திய புத்தகக்கடை நிறுவனங்கள் 2012-லும் 2014-லும் அடுத்தடுத்து திவாலாகின. கடைசியில் ஊழியர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டித்தான் கடையை மீட்டார்கள். கடைக்குக் கொடுத்த கோயிலின் ஆயுள் கடையின் லாப நஷ்டத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது. புத்தகக்கடை என்பதால் ஊர் கை கொடுத்தது. ஜவுளிக்கடைக்கோ மதுக்கூடத்துக்கோ யார் கொடுப்பார்கள்?

இனி எனக்குப் பிடித்த வழி. 1952-இல் சிட்டிக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. 16 ஆலயங்களை, அங்கே குடியிருப்பவர்களுக்காக அல்லாமல் வார நாட்களில் வேலைக்கு வருபவர்களுக்காக இயங்கும் ஆலயங்களாக அது மாற்றியது. ஞாயிறு ஆராதனை கட்டாயமில்லை. மதிய ஜெபம், மதிய இசை, ஏதாவது ஒரு சிறப்புப் பணி. எனக்கு இது மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தெரிகிறது. எங்கே போய்விட்டார்கள் என்று தேடுவதை விட்டு, வாசலில் யார் நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

அந்தப் பார்வையின் உச்சம் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக். வால்புரூக் என்பது அங்கே ஓடி, மண்ணுக்குள் மறைந்துபோன ஒரு ஓடையின் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பதினாறு படிகள் ஏறி உள்ளே போனால் தலைக்குமேல் ஒரு குவிமாடம். ரென் இதை 1672-இல் தொடங்கினார். புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்துக்கு முன்னோடி. மரமும் சுண்ணச்சாந்தும்தான் என்பதால் கனம் குறைவு. மெல்லிய தூண்களும் எட்டு வளைவுகளும் தாங்கிவிடுகின்றன. ஒரு செவ்வக அறைக்குள் சதுரம், அதற்குள் எண்கோணம், அதன்மேல் வட்டம் என்று கண் தானாக ஏறிப்போகும்.

1953-இல் இதற்குப் போதகராக வந்தவர் சாட் வாரா. சேகரத்தில் ஏறக்குறைய ஆளே இல்லை. அதனால்தான் அவர் அந்த இடத்தை விரும்பினார், நேரம் கிடைக்கும். இளம் உதவிப் போதகராக 1935-இல் அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை, தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமிக்கு. மாதவிலக்கை நோய் என்று எண்ணிப் பயந்து, கேட்க ஒருவரும் இல்லாமல் போன பிள்ளை. அது அவரை விடவில்லை. 1953 நவம்பர் 2-ஆம் தேதி, மனம் உடைந்தவர்கள் அழைத்துப் பேச ஒரு தொலைபேசியை அந்தக் கோயிலில் வைத்தார். எண்: மேன்ஷன் ஹவுஸ் 9000. நேரிலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா கவனித்தது இது: வந்தவர்களில் பலர் அந்தத் தேநீர் கொடுத்தவர்களிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, தன்னைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். 1954 பிப்ரவரியில் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான். 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பும் அந்த மரபில் வந்ததுதான். அந்தக் கறுப்புத் தொலைபேசியைக் கோயிலிலேயே வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது, ரிசீவரைத் தூக்குகிற ஒரு கை எவ்வளவு தயங்கியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கட்டடத்தின் கதை அதோடு முடியவில்லை. 1978 முதல் 1987 வரை பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. அப்போது சிற்பி ஹென்றி மூர் செதுக்கிய, பல டன் எடையுள்ள வட்டமான டிராவர்டீன் கல்லைப் பலிபீடமாகக் குவிமாடத்தின் நேர் கீழே வைக்கத் திட்டமிட்டார்கள். பாலாடைக்கட்டி என்று கேலி செய்தார்கள். மேசை வடிவில் இல்லாதது திருவிருந்து மேசையாகுமா என்று வழக்கே நடந்தது; திருச்சபையின் கீழ் நீதிமன்றம் மறுத்தது, மேல் நீதிமன்றம் 1987-இல் அனுமதித்தது. பார்த்தபிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. குவிமாடம் என்றால் அதற்கு ஒரு நடு உண்டு. முந்நூறு ஆண்டுகளாக அந்த நடுவில் ஒன்றும் இல்லாமல், பீடம் கிழக்குச் சுவரோரமாக இருந்தது. இப்போது கல்லைச் சுற்றி வட்டமாகப் பெஞ்சுகள். இருபது பேர் வந்தாலும் இருபது முகங்களும் ஒன்றையொன்று பார்க்கின்றன. காலி வரிசைகள் கண்ணில் படுவதில்லை. குறைந்த ஆட்களுக்காக ஒரு பெரிய கட்டடத்தைச் சிறிதாக்காமலே பொருத்தமாக்கியிருக்கிறார்கள்.

இதே வழியில் இன்னொன்று, பிஷப்ஸ்கேட்டில் இருக்கும் செயின்ட் எத்தல்பர்கா. பெருந்தீயிலும் உலகப்போர்க் குண்டுகளிலும் தப்பிய சின்னஞ்சிறு இடைக்கால ஆலயம். 1993 ஏப்ரல் 24-இல் ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டில் நொறுங்கியது. திரும்பக் கட்டி 2002-இல் திறந்தபோது, பகை தீர்த்து ஒப்புரவாக்கும் பணிக்கான மையமாகத் திறந்தார்கள். பின்புறம் ஆட்டு ரோமத்தால் நெய்த ஒரு கூடாரம் இருக்கிறது. பல மதத்தாரும் சமமாகத் தரையில் உட்கார்ந்து பேச. குண்டு வெடித்த இடத்துக்கு இதைவிடப் பொருந்தும் பணி எனக்குத் தோன்றவில்லை. அறை சிறியது என்பதும் இங்கே குறையல்ல, முப்பது பேர் உண்மையாகப் பேச அந்த அளவுதான் சரி.

நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ளது டிரஃபல்கர் சதுக்கத்தின் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ். சிட்டிக்கு வெளியே இருந்தாலும் இதை விட்டுவிட முடியாது. ஜேம்ஸ் கிப்ஸ் 1726-இல் முடித்தது. முதலில் அவர் வட்டமான கோயிலுக்குத்தான் திட்டம் போட்டார். செலவு அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். சென்னை எழும்பூரில் 1821-இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் ஆலயத்துக்குள் போனவர்கள் அந்த வட்டத்தைப் பார்த்திருப்பார்கள்: 16 தூண்கள், மேலே நட்சத்திரம் பதித்த நீலக் குவிமாடம். முகப்பும் கோபுரமும் செயின்ட் மார்ட்டினின் சாயல். லண்டன் கோயிலில் முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே வீடற்றவர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. கல்லறை அறையில் உணவகம், கூடத்தில் கச்சேரி, ஞாயிறு ஆராதனை எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. 2008-இல் 3.6 கோடி பவுண்டில் புதுப்பித்தார்கள்.

இந்த வழியிலும் உரசல் வரும், மறைக்க வேண்டியதில்லை. இசைக்கலைஞர்களின் ஆலயம் என்றே பெயர்பெற்ற செயின்ட் செபல்கரில் 2017-இல் ஆராதனை சாராத கச்சேரிகளுக்கு இடம் தருவதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது பெரிய சர்ச்சை ஆனது. எந்த நாள் எதற்கு, பீடத்தைத் தொடலாமா, இருக்கையை நகர்த்தலாமா, எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதையெல்லாம் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போது எழுதுவது சுலபம்.

ஆகவே, ஒரு போதகரும் பத்துப் பேரும் மிஞ்சியிருந்தால்கூட வால்புரூக் வழிதான். அதுவும் இல்லை என்றால் செயின்ட் லூக் மாதிரி இசைக்கோ கல்விக்கோ கொடுங்கள், ஆனால் கூரையைக் கழற்றும் நிலைக்கு விடாதீர்கள். கடை என்றால் மாஸ்ட்ரிக்ட் மாதிரி எல்லாம் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். இடிந்து கிடப்பதற்கு மட்டும் தோட்டம். மனை விற்பனையை நான் பட்டியலிலேயே சேர்க்கமாட்டேன்.

கட்டடக்கலைஞரை அழைப்பதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. சிட்டியில் 1994-இல் தொடங்கிய ஆலய நண்பர்கள் சங்கத்தின் தொண்டர்கள் இதைத்தான் செய்கிறார்கள்: வார நாளில் வாசல் கதவைத் திறந்து, உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒரு மாதம், மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை, கமிட்டியில் ஆளுக்கொரு நாள் முறைபோட்டு உட்காருங்கள். யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், ஜெபிக்கிறார்களா, வெயிலுக்கு ஒதுங்குகிறார்களா, யாரிடமாவது பேச வேண்டும்போல் தயங்கி நிற்கிறார்களா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் மேசைமேல் முதலில் அந்த நோட்டு இருக்கட்டும்.